பாக் நீரிணையைக் கடந்த ஐந்து விமானங்கள்

‘வடக்கு’ என்றதும் நம் பிள்ளைகளுக்கு இமயமலை, லடாக், சியாச்சின் என்று பனி மூடிய இடங்களே நினைவுக்கு வருகின்றன. அங்கே மலைப்பாதை அடைபட்டால் விமானப்படை அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்ப் போடுகிறது என்பதைப் பள்ளியில் படிக்கிறார்கள். பனியே இல்லாத, பனைமரம் நிறைந்த இன்னொரு வடக்கும் தமிழருக்கு உண்டு. அது இலங்கைத் தீவின் வடமுனையான யாழ்ப்பாணக் குடாநாடு. அங்கும் ஒரு நாள் இந்திய விமானப்படை அரிசி போட்டது. அந்த விமானங்கள் புறப்பட்டது நமக்கு அடுத்த ஊரான பெங்களூரிலிருந்து. நாள் 1987 ஜூன் 4. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் ‘பூமாலை’.

இதைப் பற்றி நம் தங்கவயலில் இருவர் பேசினால் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ‘நம் விமானங்கள் போய்த்தான் யாழ்ப்பாணத்தின் பசி தீர்ந்தது’ என்பார் ஒருவர். ‘அதெல்லாம் வெறும் நாடகம்’ என்பார் மற்றவர். நான் ராணுவத்தில் இருந்தவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் பாதை, பாலம், சரக்கு என்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காலம் தள்ளியவன். எந்தச் செய்தியைக் கேட்டாலும் ‘எத்தனை டன், எவ்வளவு தூரம்?’ என்று கணக்குப் போடுவது தொழில் தந்த பழக்கம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மேலே சொன்ன இரண்டு பேச்சும் சரியில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வாசகர்கள் ஓர் அட்லாசை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படித்தால் நன்று.

முதலில் கடலைப் பார்ப்போம். தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே ராமேசுவரம் தீவிலிருந்து மன்னார் தீவு வரை மணல்திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அதைத்தான் ஆதாம் பாலம், ராமர் சேது என்கிறோம். அதற்குத் தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பது பாக் விரிகுடாவும் பாக் நீரிணையும். 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்ற ஆங்கிலேயரின் பெயர்தான் இந்தக் கடலுக்கு வாய்த்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தமிழர் கலம் ஓட்டிய கடலுக்கு நாலு ஆண்டு கவர்னரின் பெயர்!

தூரம் எவ்வளவு? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். அதாவது பங்காருப்பேட்டையிலிருந்து மாலூர் போகிற தூரம்தான். கோடிக்கரையிலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 55 கிலோமீட்டர். பங்காருப்பேட்டையிலிருந்து கிருஷ்ணராஜபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழமோ சொல்லும்படியாக இல்லை. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்குள் அடங்கிவிடும். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஓர் ஆழமா என்று தோன்றும். இந்த ஆழக்குறைவினால்தான் பெரிய கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஆழப்படுத்த 2005இல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டமும் பாதியில் நின்றது.

இவ்வளவு குறுகிய கடலை ரயில்வே எப்படிக் கடந்தது என்பதை இங்கே சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளம். நடுவில் கப்பலுக்கு வழிவிட இருபுறமும் தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் வகைக் கர்டர். அதை ஆட்களே கையால் சுற்றித் திறந்தார்கள். எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, துறையில் காத்திருக்கும் நீராவிக் கப்பலில் ஏறி, தலைமன்னார் இறங்குதுறையில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போனார். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். இதுதான் ‘போட் மெயில்’. பின்னாளில் இர்வின், கோஷன் என்ற இரண்டு கப்பல்கள் இந்த வழியில் ஓடின. ஐம்பது ஆண்டு இப்படி நடந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் வண்டி அப்படியே கடலுக்கு இரையானது. திரு. இ. ஸ்ரீதரன் பாலத்தை 46 நாளில் மீட்டுக் கொடுத்தார் என்பதை ரயில்வேயில் சேர்ந்த நாள் முதல் எங்களுக்குப் பாடமாகவே சொன்னார்கள். பிறகு ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களின் தொடக்கத்தில், இலங்கையில் நிலைமை கெட்டபோது, அதுவும் நின்றது.

ஆக, 1987இல் இந்த நீரிணைக்குக் குறுக்கே முறையான போக்குவரத்து ஏதும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

யாழ்ப்பாணக் குடாநாடு மற்ற இலங்கையோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஆனையிறவு என்ற ஒடுங்கிய கழுத்து வழியாகத்தான். நதி கிடையாது. சுண்ணாம்புக்கல் பூமி, கிணற்று நீரை இறைத்துத்தான் புகையிலை, வெங்காயம், மிளகாய் எல்லாம் விளைவித்தார்கள். இறைப்பதற்குப் பம்பு வேண்டும், பம்புக்கு மண்ணெண்ணெய் வேண்டும். அரிசியில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வரவேண்டும். அப்படிப்பட்ட நிலத்தின் கழுத்தை அடைத்தால் என்ன ஆகும்? 1987 ஜனவரியில் யாழ்ப்பாணத்தின் சிவில் நிர்வாகத்தைத் தாங்கள் ஏற்பதாக விடுதலைப் புலிகள் அறிவித்ததைத் தொடர்ந்து, இலங்கை அரசு எரிபொருள் உட்படப் பல பொருள்கள் அங்கே போவதைத் தடுத்தது. ஏப்ரலில் திருகோணமலைச் சாலையில் பஸ் பயணிகள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 21ஆம் நாள் கொழும்பு பஸ் நிலையத்தில் குண்டு வெடித்துப் பலர் மாண்டார்கள். மே 26ஆம் நாள் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரும் தாக்குதலைத் தொடங்கியது. பருத்தித்துறையும் வல்வெட்டித்துறையும் இருக்கிற பகுதி அது. பயிற்சிக்கென்று செய்த சிறு விமானங்களும், பயணிகள் போகும் ஆவ்ரோ விமானமும்கூட அங்கே குண்டு போடப் பயன்பட்டன. நம் வீடுகளில் அப்போது இரவு நேரத்தில் பி.பி.சி. தமிழோசைதான் பேச்சு.

இந்தியா முதலில் எடுத்தது விமானத்தை அல்ல, படகை. ஜூன் 3ஆம் நாள் ராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 20 மீன்பிடிப் படகுகளில், செஞ்சிலுவைக் கொடியுடன், சுமார் 40 டன் நிவாரணப் பொருள்கள் புறப்பட்டன. உடன் பத்திரிகையாளர்களும் போனார்கள். 1974 ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் கடலில் வகுத்துக்கொண்ட எல்லைக்கோட்டருகே, கச்சத்தீவுப் பக்கம், இலங்கைக் கடற்படை வழிமறித்தது. சில மணி நேரப் பேச்சுக்குப் பிறகு படகுகள் திரும்பிவிட்டன.

மறுநாளே விமானம். டெல்லியில் இலங்கைத் தூதரை வெளியுறவு இணையமைச்சர் கே. நட்வர் சிங் அழைத்து, மாலையில் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் நிவாரணப் பொருள்களைப் போடும்; குறுக்கிட்டால் துணைக்கு வரும் போர் விமானங்கள் பதிலளிக்கும் என்று தெரிவித்தார். அனுமதி கேட்ட பேச்சல்ல, அறிவித்த பேச்சு.

சரக்கு சுமந்தவை ஐந்து அன்டோனவ்-32. துணைக்குப் போனவை பிரான்சிலிருந்து வாங்கிய மிராஜ்-2000. அன்டோனவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எஞ்சினியர்களுக்குப் பிடித்த விமானம் அது. அன்றைய சோவியத் நாட்டில், உக்ரைனின் கீவ் நகரில் உருவானது. வெப்பமான, உயரமான இடங்களில், காற்று இளைத்துப்போகும் இடங்களில், விமானத்தின் சக்தி குறைந்துவிடும். லே விமானத்தளம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களுக்கு வேண்டும் என்று பார்த்து இந்தியா வாங்கியது இதை. 1984 முதல் வந்து சேர்ந்தது. இறக்கைக்கு மேலே தூக்கிவைத்த இரண்டு என்ஜின்கள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5,000 குதிரைத்திறன். நம் வண்டிகளை இழுத்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் என்ஜின் 2,600 குதிரைத்திறன்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு சக்தியை வாங்க 4.7 மீட்டர் அகலச் சுழலி தேவைப்பட்டது. அது தரையில் இடிக்காமலும், கரடுமுரடான ஓடுதளத்தின் கல்லும் மண்ணும் உள்ளே போகாமலும் இருக்கவே என்ஜினை உயர்த்தி வைத்தார்கள். வால் பக்கம் ஒரு பெரிய கதவு கீழே இறங்கும். பறந்துகொண்டே அதைத் திறந்து சரக்கைத் தள்ளலாம். அதிகபட்சச் சுமை 6.7 டன். 2008இல் 16,000 அடிக்கும் மேலே உள்ள தவுலத் பேக் ஓல்டியில் இறங்கியதும் இதே வகை விமானம்தான். இமயத்துக்கென்று வாங்கியது பனைமரத்து வடக்குக்குப் போனது.

பெங்களூரிலிருந்து ஏன் புறப்பட்டார்கள் என்று கேட்கலாம். 1940இலிருந்து விமானத் தொழிற்சாலை உள்ள ஊர் அது. நீண்ட ஓடுதளம், எரிபொருள், பழுதுபார்க்கும் ஆட்கள் எல்லாம் அங்கே உண்டு. (அந்த எச்.ஏ.எல். தொழிற்சாலையிலேதான் ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளும் செய்தார்கள். அந்தப் பிரிவைத்தான் 1964இல் உருவான நம் பெமல் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. விமானமும் ரயிலும் அவ்வளவு தூரத்து உறவினர் அல்ல.) அட்லாசில் பெங்களூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அளவுகோல் வைத்துக் கோடு போடுங்கள். தருமபுரி, தஞ்சாவூர், முத்துப்பேட்டை ஆகியவற்றை ஒட்டி அந்தக் கோடு கடலில் இறங்கும். மொத்தம் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். மணிக்கு 470 கிலோமீட்டர் போகும் விமானத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள். அதில் கடல் மேலே பறப்பது சுமார் 90 கிலோமீட்டர், பதினொன்று பன்னிரண்டு நிமிடம். முந்தின நாள் படகுகள் ஒரு பகல் முழுதும் போராடியும் கடக்க முடியாத கடல் அது. விமானங்கள் நாலு மணியளவில் கிளம்பின. ஐந்து மணிக்கு முன்பே யாழ்ப்பாணத்தின் மேல் இருந்தன. பத்திரிகையாளர்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ 25 டன் பொருள்களைப் போட்டுவிட்டுத் திரும்பின. ஒரு துப்பாக்கிச் சூடும் இல்லை.

படகை மறித்தவர்கள் விமானத்தை ஏன் மறிக்கவில்லை? மறிக்கக் கருவி இல்லை என்பதே நேரான பதில். இலங்கைக் கடற்படையிடம் ரோந்துப் படகுகள் இருந்தன. மிராஜை எதிர்த்து மேலே போகக்கூடிய போர் விமானம் அன்று அந்த விமானப்படையிடம் இல்லை. கடலில் இருவரும் ஒரே மட்டத்தில் நின்றார்கள், வானத்தில் அப்படியில்லை.

விமானத்திலிருந்து சரக்குப் போடுவது மூட்டையை மாடியிலிருந்து எறிவது போல என்று நினைத்துவிடக் கூடாது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. விமானம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில், 200 மீட்டர் உயரத்தில் வருகிறது என்று வையுங்கள். நொடிக்கு 70 மீட்டர் அளவு. வெளியே வந்த மூட்டையும் முதலில் அதே வேகத்தில் முன்னோக்கியே ஓடும். எனவே குறியிடத்தை அடைவதற்கு முன்பே தள்ள வேண்டும். பாரசூட் விரிந்த பின் நொடிக்கு 7 மீட்டர் வீதம் இறங்கினால், தரையைத் தொட அரை நிமிடம் ஆகும். ஜூன் மாதம் யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று வீசும் காலம். காற்று நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் அடித்தால் மூட்டை 240 மீட்டர் தள்ளிப்போய் விழும். தோட்டத்தில் விழ வேண்டியது தென்னந்தோப்பிலோ கூரையிலோ விழலாம். நொடிக்கு 7 மீட்டர் என்பது, இரண்டரை மீட்டர் உயரச் சுவரிலிருந்து மூட்டையைத் தள்ளினால் எந்த வேகத்தில் மோதுமோ அந்த வேகம். அதற்காகவே ஒரு சாக்குக்குள் இன்னொரு சாக்கு போட்டுக் கட்டுவது வழக்கம். உள்சாக்கு கிழிந்தாலும் அரிசி சிந்தாது. பாரசூட், பலகை, கயிறு, கட்டு எல்லாவற்றுக்கும் எடை உண்டு. ஐந்து விமானத்துக்கும் சேர்த்து 33 டன் வரை தூக்கலாம் என்றாலும் கீழே போய்ச் சேர்ந்தது 25 டன் என்பதில் வியப்பில்லை.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். அந்த வாரம் ஸ்கெலட்டனில் எங்கள் வீட்டு ரேடியோவைச் சுற்றி லைன்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். செய்தி முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே பெருமை. சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்த பக்கத்து வீட்டு மாமா மட்டும் என்னைப் பார்த்து, “ஏன் தம்பி, நீ ரயில்ல இருக்கிறவன், சொல்லு. இருபத்தஞ்சு டன்னுன்னா எத்தனை மூட்டை?” என்று கேட்டார். நூறு கிலோ மூட்டையாக 250 என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “நம்ம மைன்ஸ் ரேஷனுக்கே ஒரு வாரம் வராதே தம்பி” என்றார். கூட இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் கேட்டதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

1981 கணக்கெடுப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 25 டன்னை ஏழு லட்சத்தால் வகுத்தால் ஆளுக்கு 35 கிராம். ஒரு சிறங்கை அரிசிகூட இல்லை. பழைய நான்கு சக்கர மூடு வேகன் ஒன்று 22 டன் ஏற்றும். ஆக ஐந்து விமானங்களும் நான்கு போர் விமானத் துணையோடும் உலகப் பத்திரிகையாளர்களோடும் போய்ப் போட்டது, எங்கள் யார்டில் ஒரு ஷண்டிங் போர்ட்டர் கொக்கியைக் கழற்றி ஓரமாக நிறுத்திவைக்கும் ஒரு வேகன் சரக்கு. முந்தின நாள் திரும்பிய படகுகளில் இருந்தது அதைவிட அதிகம். ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் தானியம் என்று வைத்தாலும் யாழ்ப்பாணத்துக்கு 280 டன் வேண்டும். விமானத்துக்கு 5 டன் என்றால் தினம் 56 முறை பறக்க வேண்டும், நாள் தவறாமல்.

அப்படிப் பறந்து ஓர் ஊரைக் காப்பாற்றியதே கிடையாதா? உண்டு. 1948 ஜூனில் சோவியத் படை பெர்லின் நகரின் மேற்குப் பகுதிக்குப் போகும் ரயில், சாலை, கால்வாய் எல்லாவற்றையும் அடைத்தது. இருபது லட்சம் மக்கள் உள்ளே. அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் விமானத்திலேயே மாவும் கரியும் கொண்டுபோனார்கள். மொத்தம் 23 லட்சம் டன்; இரண்டேமுக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட பயணங்கள். கொண்டுபோனதில் பெரும்பகுதி உணவல்ல, நிலக்கரி. 1949 மே மாதம் அடைப்பு நீங்கியது. அதை நடத்திய ஜெனரல் டன்னர், அதற்கு முன் உலகப் போரில் நம் அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு அனுப்பிய பணியை நடத்தியவர். ஆனால் பெர்லினில் விமானங்கள் தரையிறங்கின. ஆட்கள் லாரியோடு நின்று மூட்டையை இறக்கினார்கள். மூன்று மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம், ரயில் வண்டியைப் போலக் கால அட்டவணை. யாழ்ப்பாணத்தில் நடந்தது அந்த வகையே அல்ல. அது ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முறை.

அப்படியானால் நாடகம்தானா என்றால், அதையும் நான் ஏற்கமாட்டேன். அது உணவு அனுப்பிய வேலை அல்ல, செய்தி அனுப்பிய வேலை. 1944இல் சிகாகோவில் நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தம், ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானம் முழு உரிமை என்கிறது. இன்னொரு நாட்டின் ராணுவ விமானம் அனுமதியின்றி அதில் நுழையக் கூடாது. அந்தப்படி பார்த்தால் இந்தியா செய்தது அத்துமீறல். இலங்கை அரசு அப்படித்தான் சொல்லிக் கண்டித்தது, சட்டத்தில் அதற்கு மறுப்பு சொல்வது கடினம். பசித்தவர்கள் தமிழர்கள் என்பதற்காகச் சட்டத்தை நாம் வேறு விதமாகப் படிக்கக் கூடாது. ஆனால் செய்தி போய்ச் சேர்ந்தது. வடமராட்சியைப் பிடித்த ராணுவம் யாழ் நகர் நோக்கிய அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. இரு அரசுகளும் பேசின. ஜூன் முடிவதற்குள் இந்திய நிவாரணப் பொருள்கள் இலங்கையின் சம்மதத்தோடு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போயின. பசிக்கு அரிசி போனது அந்தக் கப்பல்களில்தான். விமானம் திறந்துவிட்ட வழியில் கப்பல் போனது என்பதே என் கணக்கு. வழி திறக்காமல் கப்பல் போயிருக்காது. கப்பல் போகாமல் விமானத்தால் பயனில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நமக்கெல்லாம் இனிப்பாக இருந்திருக்கும். ஜூலை 29ஆம் நாள் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். மறுநாளே இந்திய அமைதிப்படை பலாலி விமானதளத்தில் இறங்கத் தொடங்கியது. இறக்கிய விமானங்களில் அதே அன்டோனவ்-32களும் உண்டு. அக்டோபரில் அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அக்டோபர் 11 நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவு ஏறத்தாழ முழுவதுமாக அழிந்தது. அதே மாதம் 21, 22ஆம் நாள்களில் யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் அமைதிப்படையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். மாதக் கடைசியில் எம்.ஐ.-25 தாக்கு ஹெலிகாப்டர்கள் குடாநாட்டின் மேல் பறந்தன. ஜூனில் அண்ணாந்து பார்த்துக் கையசைத்தவர்கள் அக்டோபரில் அதே சத்தத்தைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓட வேண்டியிருந்தது. பூமாலையைப் பற்றி மேடையில் பேசுவோர் ஜூனை மட்டும் பேசுகிறார்கள். வேறு சிலர் அக்டோபரை மட்டும் பேசுகிறார்கள். இடையே இருப்பது நான்கு மாதம்தான். 1990 மார்ச்சில் அமைதிப்படை திரும்பியபோது ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டிருந்தார்கள். மாண்ட யாழ்ப்பாணத்துப் பொதுமக்களுக்காக நம் பக்கம் எந்த நினைவுத்தூணும் இல்லை.

அதன்பின் அந்த வடக்கு மீண்டும் மீண்டும் கழுத்தடைபட்டது. 1990 ஜூனில் யாழ்தேவி ரயில் நின்றது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகள் வசமானது. குடாநாட்டிலிருந்த இலங்கை ராணுவமே கப்பலையும் பலாலி விமானதளத்தையும் நம்பி வாழ்ந்தது. 2002இல் திறந்த ஏ-9 சாலை 2006 ஆகஸ்டில் மூடியது. 2009இல் போர் முடியும் வரை அங்கிருந்த மக்களுக்கு அரிசியும் மாவும் பெரும்பாலும் கப்பலில்தான் வந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல், ஒரே கணக்கு திரும்பத் திரும்பப் போடப்பட்டது.

நீரிணையின் நம் பக்கமும் மாறிவிட்டது. உச்சிப்புளியில் 2009இல் கடற்படையின் விமான நிலையம் ‘பருந்து’ என்ற தமிழ்ப் பெயரோடு முழு நிலையமானது. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமான அணி வந்து சேர்ந்தது. நம் அளவுகோல் கோடு தஞ்சாவூரை ஒட்டிப் போனதை நினைவில் வையுங்கள். அங்கிருந்து பலாலி அந்த விமானத்துக்குச் சில நிமிடத் தூரம்.

பலாலி என்றதும் இன்னொன்று. உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷார் போட்ட தளம் அது. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணமே கொழும்பு ரத்மலானையிலிருந்து இதன் வழியாகச் சென்னைக்குத்தான். பிறகு நீண்ட காலம் ராணுவத்தின் தளமாகவே இருந்தது. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். இடையில் தொற்றுநோயால் நின்று, 2022 டிசம்பரிலிருந்து சென்னை விமானம் மறுபடி வந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலும் தொடங்கியது.

எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது இவை எதுவும் இல்லை. வட இலங்கையில் பெயர்த்தெடுக்கப்பட்டுப் போன இருப்புப்பாதையை நம் ரயில்வேயைச் சேர்ந்த இர்கான் நிறுவனம் மீண்டும் போட்டுக் கொடுத்தது. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும், அதே ஆண்டு மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறைக்கும் ரயில் வந்துவிட்டது. போட் மெயில் ஓடிய நாளில் இலங்கைப் பக்கம் அகலப்பாதை, ராமேசுவரம் பக்கம் மீட்டர் பாதை. நம் பக்கம் 2007இல் அகலப்பாதையானது. 2025 ஏப்ரலில் பாம்பனில் செங்குத்தாகத் தூக்கும் புதுப் பாலமும் திறந்தாயிற்று. இன்று இரு கரையிலும் தண்டவாள இடைவெளி ஒன்றே: 1,676 மில்லிமீட்டர்.